'ராணி காசு போட்டோ அனுப்புங்க, ரேட் சொல்றோம்': படத்தைப் பார்த்தே பழைய வெள்ளிக் காசின் தரத்தைச் சொல்லிவிட முடியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடத்துக்குப் பெயரே வெள்ளிமலை. பெயருக்கும் வெள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்பது வேறு கதை. ஆனால் மலை மேலும் சரி, கீழே சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கமும் சரி, பழைய வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் துணியில் முடிந்த ஒன்றிரண்டு வெள்ளி ரூபாய் கிடைப்பது அதிசயம் இல்லை. ராணி தலை, ராஜா தலை என்று ஆயாக்கள் சொல்லும் அதே காசுதான்.

2025 அக்டோபரில் சர்வதேச சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது. 1980-ல் தொட்ட உச்சத்தையே அது கடந்துவிட்டது. வெள்ளி விலை செய்தியானதும் பெட்டிகளும் திறக்கின்றன. காசை உள்ளங்கையில் வைத்து ஒரு போட்டோ, "அண்ணா, இது எவ்வளவு போகும்?" என்று ஒரு மெசேஜ். சொந்தக்காரர் குரூப்பில் இருந்து அந்தப் படம் எங்கெங்கோ போகிறது. கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரில் இருந்து பதில் வருகிறது: "சூப்பர் கண்டிஷன். 3 லட்சம் தர்றோம்."

இந்த பதிலை நம்பலாமா? அதைச் சொல்ல, ஒரு படத்தில் எது தெரியும், எது தெரியாது என்று பார்க்க வேண்டும்.

படத்தில் எது தெரியும்?

என்ன காசு என்பது தெரியும். தலையும் ஆண்டும் தெளிவாக இருந்தால் போதும். 1862 முதல் 1901 வரை என்றால் விக்டோரியா. 1877-க்கு முந்தைய காசில் 'குயீன்' என்றும், அதன் பிறகு 'எம்பிரஸ்' என்றும் இருக்கும். 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்ட். ரூபாயில் கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை. 1911 முதல் 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ். 1938 முதல் 1945 வரை ஆறாம் ஜார்ஜ்.

அடுத்து, தேய்மானம் ஓரளவு தெரியும். காசு கை மாறி மாறித் தேயும்போது முதலில் தேய்வது மேடான இடங்கள். விக்டோரியா காசில் கன்னமும் காதுக்கு மேல் உள்ள முடியும். எட்வர்ட் காசில் காதும் அதை ஒட்டிய முடியும். முடி தனித்தனி இழையாகத் தெரிந்தால் காசு அதிகம் புழங்கவில்லை. மொத்தமும் வழவழவென்று ஒரே பரப்பாகக் கிடந்தால் நிறைய சந்தை பார்த்த காசு. சேகரிப்பாளர்கள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று ஏறுவரிசையில் சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான். பெயரில் 'ஃபைன்' இருப்பதால் ஏமாற வேண்டாம்; ஃபைன் என்பது நன்றாகவே தேய்ந்த காசு.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் பார்க்க வேண்டிய இடம் அவர் அங்கியில் இருக்கும் சின்ன யானை. அந்த யானைக்கு ஒரு வரலாறே உண்டு. 1911-ல் வந்த முதல் ரூபாயில் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது பன்றி மாதிரி தெரிந்தது. ராஜா அங்கியில் பன்றியா என்று பெரிய சர்ச்சை ஆனது. அரசு காசைத் திரும்பப் பெற்றது, பெரும்பகுதி உருக்கப்பட்டது, 1912-ல் தும்பிக்கையும் காதும் திருத்தப்பட்ட காசு வந்தது. அதனால்தான் 1911 என்ற ஆண்டு போட்ட ரூபாய்க்கு இன்றும் தனி மவுசு. மங்கலான படத்தில் யானையா பன்றியா என்று தெரியாவிட்டாலும் ஆண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எல்லாக் காசிலும் இப்படி ஆண்டு மட்டும் போதாது. 1862 என்று போட்ட ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டது. பம்பாய் காசுகளில் நுணுக்கமான புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து வைத்தார்கள். எத்தனை புள்ளி என்பதைப் பொறுத்து காசின் வகை மாறும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிகள்தான்.

எது தெரியாது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் வெளிச்சம். உச்சி வெயிலில் மண் ரோட்டைப் பார்த்தால் சமமாகத் தெரியும். சாயங்கால வெயிலில் அதே ரோட்டில் ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து நிற்கும். காசும் அப்படித்தான். நேர் மேலே இருந்து ஃபிளாஷ் அடித்தால் கீறல்கள் மறையும், புது முகமும் தேய்ந்த மாதிரி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த காசுகூட எடுப்பாகத் தெரியும். ஒரே காசு, இரண்டு படம், இரண்டு தரம். போனில் இருக்கும் தானியங்கி 'ஷார்ப்' செய்யும் வேலை தன் பங்குக்கு இல்லாத கூர்மையைச் சேர்க்கும்.

இரண்டாவது பளபளப்பு. அச்சில் இருந்து வந்த புதுக் காசைச் சாய்த்தால் வெளிச்சம் அதன் மேல் சக்கரம் போலச் சுற்றி வரும். தேய்த்துப் பாலிஷ் போட்ட காசில் அது வராது. மொத்தமாக மின்னும், அவ்வளவுதான். அசையாத படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் படம் கேட்பதோடு, காசை மெதுவாகச் சாய்த்து எடுத்த வீடியோவும் கேட்பார்கள்.

இதை எழுதும்போது எங்க ஆயா ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு முன்னாடி குத்துவிளக்கோடு சேர்த்து இரண்டு வெள்ளி ரூபாயையும் புளி போட்டுத் தேய்த்து வைப்பார். அப்போது அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். காசு சேர்ப்பவர்கள் கண்ணில் அது பாழ். வெள்ளி மேல் படியும் கருமை, காற்றில் உள்ள கந்தகம் சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். அதை சாம்பல், புளி, எலுமிச்சை, பற்பசை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் படலத்தோடு மேல்பரப்பும் கொஞ்சம் போகும். ஆயிரக்கணக்கில் மயிரிழைக் கீறல் விழும். படத்தில் பளிச்சென்று இருக்கும் காசு நேரில் விலை குறைவதற்கு இதுதான் முக்கியக் காரணம். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்துவிட்ட காசும் அப்படித்தான்; பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்கும், முகத்தை மட்டும் எடுத்த படத்தில் வராது.

மூன்றாவது, எடை. ஒரு வெள்ளி ரூபாய் என்பது ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நாட்டு மருந்துக் கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்று சொன்னதெல்லாம் இந்தக் கணக்குதான். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். நிறையவே குறைந்தாலோ கூடினாலோ சந்தேகப்பட வேண்டும். படத்தில் எடை வராது. ஒரு கிராம் தராசில் ஒரு நொடியில் வந்துவிடும்.

நகைக்கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஆறாம் ஜார்ஜ் காசுக்கு இது ரொம்ப முக்கியம். 1938, 1939 வரை ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், அது 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடை அதே 11.66 கிராம். பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பழைய காசில் சுமார் 10.69 கிராம் வெள்ளி என்றால், 1940-க்குப் பிந்தையதில் 5.83 கிராம்தான். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்தால், ஒன்றில் 1,069 ரூபாய் வெள்ளி, மற்றதில் 583 ரூபாய் வெள்ளி. அடையாளம் விளிம்பில் இருக்கிறது: பழையதில் நேர் கோடுகள் மட்டும், 1940 முதல் வந்ததில் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். விற்கப் போனால், எல்லாக் காசையும் ஒன்றாகப் போட்டு எடை போட விடாமல், எந்தக் காசுக்கு எத்தனை சதவீதம் கணக்கு என்று கேளுங்கள்.

1939 ரூபாய் மிக அரிது. அந்த மாதிரி ஆண்டுகளில் எண்ணைச் செதுக்கி மாற்றும் வேலையும் நடக்கும் என்பதால், கடைசி எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்காமல் யாரும் பணம் தர மாட்டார்கள். 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் போலி என்று பயப்பட வேண்டாம். அது வெள்ளியே இல்லை, நிக்கல் காசு. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே வெள்ளி என்றும் சொல்ல முடியாது. ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

அப்போ அந்த '3 லட்சம்'?

உலக அளவில் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்க செப்பு சென்ட்டுகளுக்காக உருவாக்கியது. இன்று அதை வைத்துச் சான்று தரும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற பெரிய நிறுவனங்கள் காசைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மதிப்பெண் போடுகின்றன. அவர்களே படத்தைப் பார்த்துச் சொல்லாதபோது, ஒரு மங்கல் படத்துக்கு ஐந்து நிமிடத்தில் லட்சக்கணக்கில் விலை சொல்பவர் காசைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு 'சான்றிதழ்' வரும். பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு வரி. பிறகு காசை வாங்க வரும் வண்டிக்கு இன்சூரன்ஸ். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ம் தேதியே இதைப் பற்றி எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் விஷயத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று சொன்னது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

'வைஷ்ணோ தேவி காசு இருந்தா நீங்க லட்சாதிபதி' என்று தலைப்பு போடும் இணையதளங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நல்ல வெள்ளி ரூபாய்களிலும் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்த சாதாரண ஆண்டுக் காசு வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். அதே சமயம், கையில் இருப்பது 1911 என்று தெரியாமல் உருக்கக் கொடுப்பதும் நஷ்டம்தான்.

படம் எடுப்பதாக இருந்தால்

காசைக் கழுவாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். காலையில் நிழல் விழும் திண்ணை நல்ல இடம். ஃபிளாஷ் வேண்டாம். போனை மிக அருகே கொண்டுபோனால் முகம் கோணும். கொஞ்சம் தள்ளி, நேர் மேலே பிடித்து, ஜூம் வைத்து எடுங்கள். இரண்டு பக்கம், விளிம்பு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, தராசில் வைத்து ஒன்று, சாய்த்து எடுத்த சின்ன வீடியோ. அனுப்பும்போது 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் படம் சுருங்காது. நேரில் பார்க்க முடிகிற ஒருவரிடம் காட்டுவதற்கு இதெல்லாம் ஈடாகாது. ஆனால் அவர் உங்களை நேரில் வரச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இது போதும்.

100 ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் யாருக்கும் அதை கூரியரில் அனுப்பக் கூடாது.

உழும்போது கிடைத்தால்?

வீட்டுப் பெட்டியில் இருப்பது வேறு, மண்ணில் கிடைப்பது வேறு. கொல்லையிலோ காட்டிலோ புதைந்திருந்த காசு கிடைத்தால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தில் வரம்பு இன்னும் 10 ரூபாய்தான். அதற்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. முறைப்படி தெரிவித்தவருக்கு அந்தச் சட்டத்திலேயே உரிமையும் இருக்கிறது. அப்படிக் கிடைத்த காசில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், கிடைத்த பானையையும் கிடந்த இடத்தையும் அப்படியே ஒரு படம் எடுத்து வையுங்கள். காசுகள் எப்படி ஒன்றாகக் கிடந்தன என்பதைப் பிறகு எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. குரூப்பில் போட வேண்டாம். மலையில் இருப்பவர்கள் வெள்ளிமலை தாலுகா அலுவலகத்திலோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதலாம்.