கூடுதல் வாரண்டி கூடுமா?

ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் கணினிகள் தயாராகின்றன. அப்பகுதி ஆலைகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் தமக்கென ஒன்று வாங்கச் சென்றால், “எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுவிடலாமா?” என்று கடைக்காரர் கேட்கிறார்.

விலையோடு வரும் உத்தரவாதம் விற்பவரின் பொறுப்பு, அதில் சிக்கலில்லை. தனியே பணம் கட்டுவதுதான் யோசிக்க வைக்கிறது. பழுதானால் ஆதாயம், ஆகாவிட்டால் கட்டிய தொகை போயிற்று. இத்தகைய நிச்சயமற்ற வணிகமே ‘கரர்’. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் வணிகக் காப்பீட்டை இக்காரணத்தாலேயே விலக்கியது. (வாரண்டியை அதனோடு சேர்க்காத ஆலிம்களும் உள்ளனர்.)

குறித்த தவணையில் சுத்தம் செய்து தரும் பராமரிப்பு ஒப்பந்தம் வேறு. அங்கே வேலையும் கூலியும் தெளிவு. கைதவறி விழுந்தால், தண்ணீர் கொட்டினால் என்னும் திட்டமோ பெயர் மாறிய காப்பீடுதான். என் கருத்தில், அத்தொகையை வீட்டிலேயே ஒதுக்கி வைப்பது நல்லது. மூன்றாண்டு கழித்துப் பேட்டரி மாற்ற அதுவே உதவும்.