கம்பிச் சக்கரம்

இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. காரின் அழகெல்லாம் அதன் 19 அங்குலக் கம்பிச் சக்கரங்களில்தான் இருக்கிறது என்போம். அபாயமும் அங்கேயே!

சக்கரத்தை அச்சுடன் பிணைப்பவை குடத்துக்குள் இருக்கும் நுண்ணிய பற்கள். கிரீஸின்றி உலர்ந்தால் அவற்றிலிருந்து செந்நிறத் தூள் உதிரும். பிரேக் பிடிக்கையில் 'டக்' என்று சப்தம் கேட்கும். அதை அலட்சியம் செய்கிறவர், பின்சக்கரத்தின் பற்கள் முற்றும் தேய்ந்தபின், எஞ்சின் ஓடியும் வண்டி நகராத விந்தையைக் காண்பார். தேய்ந்த சக்கரத்தைப் பிரேக்கும் பிடிக்காது.

ஆகவே சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, பற்களிலும் திருகிலும் புதியதை மெல்லியதாகப் பூச வேண்டும். அள்ளி அப்பினால் பிரேக்கில் போய்ச் சேரும். பிறகு, இரு காதுள்ள நடுமரையைச் செப்புச் சுத்தியால் தட்டி இறுக்குக. இடப்புற மரை வலமாகவும், வலப்புற மரை இடமாகவும் திருகினால் இறுகும். பழுது பார்ப்பவர் அச்சுக் குடங்களைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டாரானால், வண்டி ஓட ஓட மரை தானே கழன்றுவிடும்.