வேலியே பயிரை மேய்ந்தது! கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்த நீலத்திரை

சென்னை,

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பில் போட ஆள் வரிசையில் நிற்கும். திடீரென்று திரை முழுவதும் நீலமாக மாறும். ஏதோ நாலு வரி இங்கிலீஷில் வரும். பிறகு மெஷின் தானாக அணைந்து, தானாக எழும்.

"வைரஸ் வந்துடுச்சு சார்" என்பார் ஒருவர். "ஹார்டு டிஸ்க் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் கவிழ்ந்தன. அதற்குக் காரணம் வைரஸ் அல்ல. திருடன் வராமல் தடுக்க வைத்த காவல்காரன்தான் காரணம்!

மீனம்பாக்கத்தில் பேனா

அன்று வெள்ளிக்கிழமை. கோளாறின் எதிரொலி சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் கேட்டது. கவுண்டர்களில் கம்ப்யூட்டர்கள் கைவிட்டன. ஊழியர்கள் பேனாவை எடுத்து, போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். விமானங்கள் தாமதமாகக் கிளம்பின. பயணிகள் தவித்தார்கள்.

இண்டிகோ கம்பெனி மட்டும் நாடு முழுவதும் 200-க்கு பக்கமாக விமானங்களை ரத்து செய்தது. பாங்குகள் பெரும்பாலும் தப்பின. 10 பாங்கு மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பம்பாய் பங்கு மார்க்கெட்டில் வியாபாரம் வழக்கம்போல நடந்தது.

20 கட்டம், 21-வது எண்

நடந்தது என்ன?

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி, பெரிய ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களுக்கு பாதுகாப்பு புரோகிராம் விற்கிறது. அந்த புரோகிராமுக்கு அன்று காலை இந்திய நேரப்படி 9.39 மணிக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. அதில்தான் வில்லங்கம்.

ஒரு ரிஜிஸ்டரில் 20 கட்டம் இருக்கிறது. "21-வது கட்டத்தைப் படி" என்று கிளார்க்குக்கு உத்தரவு போட்டால் என்ன ஆகும்? "அப்படி ஒன்று இல்லையே" என்பார். கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. இல்லாத இடத்தில் கையை விட்டது. கவிழ்ந்தது.

டைப் அடிக்கும் புரோகிராம் கெட்டுப்போனால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் காவல்கார புரோகிராம் விண்டோசின் இதயப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தப்பு நடந்தால், இருக்கிற கணக்குகளும் கெட்டுவிடக் கூடாது என்று விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதுதான் நீலத்திரை. வண்டி பிரேக் அடித்து நிற்பது போல. (2025-ல் இருந்து விண்டோஸ் 11-ல் இந்தத் திரை கறுப்பு நிறத்துக்கு மாறியிருக்கிறது.)

78 நிமிடம்

தப்பைக் கண்டுபிடித்த கம்பெனி 10.57 மணிக்கு அப்டேட்டை வாபஸ் வாங்கியது. மொத்தம் 78 நிமிடம்தான். ஆனால் கவிழ்ந்த மெஷின்கள் எழவில்லை!

ஏன்? மெஷினை ஆன் செய்ததும் கெட்ட பைல்தான் முதலில் ஓடும். நெட் இணைப்பு கிடைத்து புது பைல் வருவதற்குள் மறுபடி கவிழ்ந்துவிடும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. சில மெஷின்கள் பல தடவை ஆஃப் செய்து ஆன் செய்ததில் பிழைத்தன. மற்றவற்றுக்கு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு பைலை அழிக்க வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு சிக்கல். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்த ஆபீஸ்களில் 48 இலக்க சாவி எண் கேட்டது. எண்ணைக் குறித்து வைக்காதவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி 5 நாளில் சுமார் 7 ஆயிரம் விமானங்களை ரத்து செய்தது. 50 கோடி டாலர் நஷ்டம் என்றது. செப்டம்பர் 24-ந் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு கிரவுட்ஸ்டிரைக் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான் பெரிய தப்பு. இப்போது கம்பெனி படிப்படியாகத்தான் அனுப்புகிறது.

கடைக்காரர் என்ன செய்வது?

தெருமுனைக் கடைக்கும் சின்ன ஆபீசுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நீலத்திரை வந்தால் முதல் வேலை, அதில் வரும் ஸ்டாப் கோடை செல்போனில் படம் எடுப்பது. எந்த பைலால் கோளாறு என்று சில சமயம் திரையே சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, "கடைசியாக என்ன மாறியது?" என்று யோசிப்பது. புது பிரிண்டரா? நேற்று ராத்திரி வந்த அப்டேட்டா? சேஃப் மோடில் திறந்து அதை நீக்கிப் பார்க்கலாம். சேஃப் மோடில் அவசியமான புரோகிராம்கள் மட்டுமே ஓடும். அதில் நன்றாக ஓடினால், சந்தேகம் பின்னால் சேர்த்த புரோகிராம் மீது. அதிலும் கவிழ்ந்தால் ராம், டிஸ்க், சூடு, தூசி என்று பார்க்க வேண்டும். மின்விசிறியில் தூசி அடைத்து மெஷின் நிற்பதும் உண்டு. அவசரப்பட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது எச்சரிக்கை. திரையில் "உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க" என்று வந்தால் அது மோசடி! மைக்ரோசாப்டின் உண்மையான எரர் திரையில் போன் நம்பர் வராது. 2024 கோளாறின்போதும் உதவி செய்வதாகச் சொல்லி மோசடிப் பேர்வழிகள் கிளம்பினார்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கை விட்டது.

பூட்டிய டிஸ்க்கின் சாவி எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். கணக்குகளுக்கு இன்னொரு காப்பி வேண்டும். அது அதே மெஷினில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

மேஜை டிராயரில் பழைய மாதிரி ஒரு பில் புத்தகமும், கார்பன் பேப்பரும் இருக்கட்டும். அன்று மீனம்பாக்கத்தில் பயணிகளை ஏற்றி அனுப்பியது பேனாதான்.