கணக்குப் பார்த்த கூலி

காலை எட்டரை மணிக்குக் கோபாலபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் ஊர்வலத்தைப் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடை இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தைப்பது யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள்தாம். சங்கத்தில் துணியை வாங்கிவந்து, வீட்டு மெஷினில் தைத்துக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள்.

அப்படி ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கும் வருவதுண்டு. என் மனைவியின் ரவிக்கைகள் எல்லாம் அவர் கைவேலை. போன வாரம் வந்தவர் முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம்.

"ஒரு சந்தேகம் சார். எங்க சங்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்ய சர்க்கார்ல ஆள் வராங்க. அதுக்கு நாங்க கட்டணம் கட்டணுமாம். எங்க கணக்கை அவங்க பார்க்கறதுக்கு நாங்க எதுக்கு சார் காசு கொடுக்கணும்?"

"கூலி இல்லாமல் நீங்கள் ரவிக்கை தைப்பீர்களா அம்மா?" என்று மடக்கினேன்.

"தைக்கச் சொன்னது நீங்க. கணக்குப் பார்க்கச் சொன்னது நாங்களா சார்?"

நான் விழித்தேன். "பதில் தெரியாவிட்டால் பேசாமல் காப்பியைக் குடியுங்கள்" என்றாள் என் மனைவி. குடித்தேன். ஆனால் கேள்வி தொண்டையிலேயே நின்றது.

பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது 1904-இல். சென்னை சர்க்காருக்காக பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவெல்லாம் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அதற்கு முன்னோடி. அதே 1904-இல் பக்கத்துத் திருவல்லிக்கேணியில், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் போன்றவர்களின் முயற்சியால் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நம் தேனாம்பேட்டைக் காமதேனு அங்காடி அந்த மரத்தின் கிளைதான். அந்த முதல் சட்டப்படி, பதிவாளர் ஆண்டுக்கொரு முறை சங்கங்களின் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. குழந்தையை நடக்கப் பழக்கும் தகப்பன் கூலி கேட்பானா?

குழந்தை வளர்ந்தது. கட்டணமும் வந்தது.

தணிக்கையே வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன! ஏழைகளின் பணம் புழங்கும் இடத்தில் வெளியாள் ஒருவர் கணக்குப் பார்ப்பது அவர்களுக்கே காவல். காவற்காரருக்குச் சம்பளம் கொடுப்பதும் நியாயம்தான்.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. அதை வகுத்துத் தந்ததும் நம் சென்னை மாகாணத்து வழக்குத்தான். அறநிலையங்களிடம் சர்க்கார் வசூலித்த ஒரு தொகையை எதிர்த்து, உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்து சுவாமிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1954-இல் தீர்ப்பு வந்தது. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்கவேண்டும். பொதுக் கஜானாவில் கலந்து மறைந்தால் அது கட்டணம் அல்ல, வரி என்றது தீர்ப்பு. காசுக்குக் காசு துல்லியமாக ஈடு காட்டவேண்டியதில்லை என்று பின்னாளில் நீதிமன்றங்கள் பிடியைத் தளர்த்தின. இருந்தாலும் அடிப்படை நியாயம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தராசில் தையற்கார அம்மாளின் கேள்வியை வைத்துப் பாருங்கள். சங்கம் கட்டும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. தையலில் மிஞ்சியதிலிருந்துதான் எடுக்கவேண்டும். பங்காதாயமாகவோ, நல்ல மெஷினாகவோ உறுப்பினர்களுக்குத் திரும்பவேண்டிய காசு அது. ஆகவே அவர்கள் மூன்று விஷயம் கேட்கலாம். பெரிய சங்கத்துக்கும் சின்னச் சங்கத்துக்கும் சுமை சக்திக்கேற்ப இருக்கட்டும். கணக்கு ஆண்டு முடிந்த சூட்டோடு தணிக்கை நடக்கட்டும். கண்டதை எல்லோருக்கும் புரிகிற தமிழில் பொதுக்குழுவில் படித்துக் காட்டட்டும்.

ஆறு மாதத்துக்குள் தணிக்கை முடியவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்திலேயே எழுதினார்கள். மாநிலங்களின் ஒப்புதல் பெறாததால் மாநிலச் சங்கங்களுக்கு அது செல்லாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தம் செல்லாமல் போகலாம். அதிலிருந்த நியாயம் செல்லாமல் போகுமா?

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி சார், கட்டணம் கட்டறோம். போன தீபாவளிக்கு ரவிக்கை ஒரு நாள் தாமதமாச்சுன்னு அம்மா பத்து ரூபாய் பிடிச்சிக்கிட்டாங்க. கணக்குப் பார்க்க வரவங்க தாமதமா வந்தா, நாங்களும் அப்படிப் பிடிச்சிக்கலாமா?"

இந்தத் தடவை விழித்தது என் மனைவி. எனக்கு இரண்டாவது காப்பி கிடைக்கவில்லை. அந்த அம்மாளுக்குப் பத்து ரூபாய் திரும்பக் கிடைத்தது.