தாயின் தொழில் என்ன?

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நாட்கள் நம் வாழப்பாடி வட்டாரத்தில் ஓய்வறியாத நாட்கள். கோடையின் கடுமை தணிந்து மேல்காற்று வீசத் தொடங்கும். கிணற்றிலோ தண்ணீர் அடியில் கிடக்கும். ஆடிப்பட்டத்திற்கு விதை தயாராக வேண்டும். ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் இந்நாட்களில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கிட்டால், பெண்களின் பங்கு எத்தகையது என்பது விளங்கும்.

விடியுமுன் எழுந்து சாணி அள்ளிப் பால் கறப்பவர் தாய். சோறாக்கி வைத்துவிட்டு மரவள்ளிக் காட்டில் களை வெட்டப் போகிறவரும் அவரே. இரவில் விதைக் கடலையை உடைத்து, சொத்தையும் சுருங்கலும் நீக்கி, நல்ல பருப்பாகப் பொறுக்கி வைப்பவர்கள் தாயும் பாட்டியும் பெண் பிள்ளைகளும். ஏர் ஓட்டும்போது பின்னால் நடந்து சாலில் விதை போடுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஜவ்வரிசி ஆகும் கிழங்கிற்குக் களை வெட்டியவை இவர்களுடைய கைகள் அல்லவா?

ஆயினும் விண்ணப்பங்களில் தந்தையின் தொழில் 'விவசாயம்' என்றும், தாயின் தொழில் 'வீட்டு வேலை' என்றும் எழுதும் வழக்கம் இருக்கிறது. வீட்டு வேலை இழிவானதன்று. ஆனால் அது பாதி உண்மையே.

"குடும்பம் ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். பெயரில் நிறையவே இருக்கிறது. 2019-இல் தொடங்கிய பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டத்தில், ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே வழங்கப்பட்டது. பயிர்க்கடன் கேட்டுப் போனாலும் பட்டாவைத்தான் பார்க்கிறார்கள். கணவர் இறந்தாலோ, பிழைப்புக்காக வெளியூர் சென்றாலோ, அதே நிலத்தில் பல ஆண்டுகள் உழைத்த பெண் அலுவலகத்தில் அந்நியரைப் போல் நிற்க வேண்டியிருக்கிறது.

சட்டம் நம் பக்கமே உள்ளது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு மகன்களுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989-இல் சட்டமாக்கியது. 2005-இல் அவ்வுரிமை மணமான மகள்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமமே. அப்படியிருந்தும், திருமணமான பெண்ணிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். அண்ணன் தம்பியோடு பகை வேண்டாம் என்று பெண்ணும் கையெழுத்திட்டு விடுகிறாள். அன்பினால் விட்டுக்கொடுப்பது வேறு. உரிமை இன்னதென்று அறியாமல் இழப்பது வேறு.

நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரத்தில் போற்றப்படும் பெண் வீட்டை மட்டும் காப்பவள் அல்லள். தானே நிலம் பார்த்து வாங்குகிறாள். தன் கைப்பொருளால் தோட்டமும் அமைக்கிறாள். விவிலியம் புகழும் இல்லத்தரசி ஒரு விவசாயியும் ஆவாள்!

2026-ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளின் பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024-இல் அறிவித்தது. அந்த மதிப்பு நம் வீட்டு வாசலுக்கும் வர வேண்டாமா? பெற்றோர்களே, தாயின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா பெறுவது பற்றி வீட்டில் பேசுங்கள். அன்புத் தோழியரே, விண்ணப்பத்தில் தாயின் தொழிலைக் கேட்டால் 'விவசாயி' என்று எழுதுங்கள். நாளை உங்கள் முன் ஒரு பத்திரம் நீட்டப்பட்டால், முழுவதையும் படித்துப் பொருள் அறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். நாம் கற்கும் கல்வி அதற்கேனும் உதவ வேண்டும்.