பால் ஒத்துக்கலையாம்... ஆளாளுக்கு ஒரு வைத்தியம்!

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டருக்குப் படிக்கலை. படிக்கிறது பி.காம். ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வர்ற ஆளு. ஆனா 2025 சித்திரை வெயில்ல எங்க வீட்டுல நடந்த கூத்தைப் பார்த்ததுக்கப்புறம் இதை எழுதாம இருக்க முடியலை. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்க அக்கா ஆம்பூர்ல வீட்டுலயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறா. ஏஜெண்ட் மூட்டையில கட்டிக் கொண்டு வந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. எங்க தெருவுல பாதி வீட்டுல இதான் பொழப்பு. அவ பையனுக்கு அப்போ நாலு மாசம். தாய்ப்பால் மட்டும்தான். ஒரு நாள் காலையில இருந்து தண்ணி மாதிரி போக ஆரம்பிச்சுது. மத்தியானத்துக்குள்ள எட்டு தடவை, ரெண்டு தடவை வாந்தி வேற. பையன் முகமே வாடிப்போச்சு.

அவ்வளவுதான். எங்க தெருவுல இத்தனை டாக்டருங்க இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு அத்தை: "உன் பால்தான்டி ஒத்துக்கல. வெயில்ல உட்கார்ந்து தைக்கிற, பால் சூடாயிடுச்சு. ரெண்டு நாள் நிறுத்து."

ஆயா: "இன்னாத்துக்கு டாக்டரு? மாந்தம்டா இது. வசம்பைச் சுட்டு உரைச்சு ஊத்து."

பெரியப்பா: "பக்கத்து ஊர்ல ஒருத்தர் தொக்கம் எடுப்பார். ஊதி எடுத்தார்னா ஒரே நாள்ல நின்னுடும்."

மெடிக்கல் ஷாப்காரர் (கடை பேர் வேணாம், நாளைக்கு நான் அந்தப் பக்கம் போகணும்): பேதியை நிறுத்துற மருந்துன்னு ஒரு பாட்டில், கூடவே ஸ்ட்ரா வெச்ச ஒரு அட்டைப்பெட்டி ஜூஸ். "இதுவும் ஓ.ஆர்.எஸ். தான் தம்பி, டேஸ்ட்டா இருக்கும், குழந்தை குடிச்சுடும்."

கடைசியா ஒரு கிளினிக். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு டப்பா பால் பவுடர். "தாய்ப்பாலை நிறுத்திட்டு ஒரு வாரம் இதைக் குடுங்க." இது எம்.பி.பி.எஸ். படிச்சவர் சொன்னது!

அஞ்சு பேர் அஞ்சு வைத்தியம் சொன்னாங்க, அதுல மூணு குழந்தைக்கு ஆபத்து. ஒவ்வொண்ணா வர்றேன்.

மொதல்ல தொக்கம். சிரிச்சுட்டுப் போற விஷயம்னு விட்டுடலாம்தான், ஆனா படிச்சவங்களும் போறாங்க. குழாய் வெச்சு ஊதி, வயித்துல ஒட்டிக்கிட்டிருந்ததுன்னு சொல்லி ஒரு துண்டு எடுத்துக் காட்டுவாங்க. பெரியப்பாவோட பேரனுக்கு வேர்க்கடலை வந்துச்சாம். நான் கேட்டது ஒரே கேள்விதான்: பொறந்ததுல இருந்து பாலைத் தவிர வேற எதையும் வாயில வைக்காத குழந்தை வயித்துல இருந்து வேர்க்கடலை எப்படி பெரியப்பா வரும்? ரெண்டு நாள் என்கூட பேசலை.

வசம்பு கொஞ்சம் தர்மசங்கடம். "பிள்ளை வளர்ப்பான்"னு பேரே வெச்சிருக்கோம். கையில வளையலா கட்டுங்க, யாரு வேணாம்னா? ஆனா உள்ளுக்குக் குடுக்கிறது வேற கதை. அதுல இருக்கிற பீட்டா அசரோன்ங்கிற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குதுன்னு தெரிஞ்சதால அமெரிக்காவுல 1968லயே உணவுல சேர்க்கத் தடை போட்டாங்க. அதை விடுங்க, உரைக்கிற கல்லு, உரைக்கிற கை, கலக்கிற தண்ணி எல்லாம் எவ்வளவு சுத்தம்? ஏற்கெனவே கிருமியால வயித்தால போற குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கிருமியைச் சங்குல ஊத்துறோம்.

"வெள்ளைக்காரன் மருந்து மட்டும் ஒழுங்கா?"ன்னு ஆயா கேட்டுச்சு. நியாயமான கேள்வி. நம்ம வீடுகள்ல குலதெய்வம் மாதிரி வெச்சிருக்கோமே கிரைப் வாட்டர், அதை 1851ல இங்கிலாந்துல நாட்டிங்காம்ல வில்லியம் உட்வர்டுன்னு ஒருத்தர் தயாரிச்சார். பழைய ஃபார்முலாவுல சோடா உப்பு, சோயிக்கீரை விதை எண்ணெய், சர்க்கரை, அதோட ஆல்கஹாலும் இருந்துச்சு! குழந்தை ஏன் அழுகையை நிறுத்துச்சுன்னு இப்போ புரியுதா? (டாஸ்மாக் வாசல்ல எங்க ஊர்ப் பெருசுங்க அமைதியா படுத்திருக்கிறதும் அதே தத்துவம்தான்.) இப்போ வர்றதுல ஆல்கஹால் இல்லை. ஆனா பேதிக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அடுத்தது பேதியை நிறுத்துற மருந்து. கடைக்காரர் குடுத்த பாட்டில்ல என்ன இருந்ததுன்னு நான் சண்டை போட்டுப் படிக்கிறதுக்குள்ள அதை உள்ள வெச்சுட்டார், அதனால அதைப் பத்திச் சொல்லலை. ஆனா இந்த ரக மருந்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. லோபரமைடுன்னு ஒண்ணு. குடல் அசைவைக் குறைக்கும். இதைக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தா வித்தாங்க. பாகிஸ்தான்ல கைக்குழந்தைங்க குடல் அசைவு நின்னுபோய் இறந்து, அது பெரிய பிரச்சினையாகி, 1990ல அந்தச் சொட்டு மருந்தைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு. வெளியே போறது நின்னா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. தண்ணி உள்ளேயே குடல்ல தேங்கும், வயிறு உப்பும், நாம "ஆஹா நின்னுடுச்சு"ன்னு தூங்கப் போயிடுவோம்.

ஆன்டிபயாடிக்? நம்ம வேலூர்லயே பதில் இருக்கு. சி.எம்.சி.யில ககன்தீப் காங் குழு வேலூர் நகரத்துக் குடிசைப் பகுதிகள்ல 373 குழந்தைகளைப் பொறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பரிசோதிச்சாங்க. 2011ல வந்த அந்த முடிவுப்படி பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு ஆறு மாசத்துக்குள்ளயே ரோட்டா வைரஸ் தொத்திடுது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, இது பத்தாங்கிளாஸ் பாடம். மலத்துல ரத்தம், காலரா மாதிரி சில நேரம் மட்டும்தான் அதுக்கு வேலை. இந்த ரோட்டா வைரஸுக்கு எதிரா இந்தியாவுல உருவான தடுப்பு மருந்தைச் சோதிச்ச மூணு இடங்கள்ல வேலூரும் ஒண்ணு (மத்தது டெல்லி, புனே). தமிழ்நாட்டுல 2017ல இருந்து அரசு இலவசமா குடுக்குது, 6, 10, 14 வாரத்துல. முழுப் பாதுகாப்பு இல்லை, பேதி மோசமாகிறதைத்தான் குறைக்கும். உலகத்துக்கே பேதியைப் பத்திப் பாடம் சொல்லிக் குடுத்த ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நாம குழாய் வெச்சு ஊதுறோம்!

இப்போ எனக்கு நெஜமாவே கோபம் வந்த இடம். தாய்ப்பாலை நிறுத்து.

எதிர்வீட்டு அத்தை சொன்னா அறியாமை. டாக்டர் சொன்னா அதுக்கு என்ன பேரு? உலக சுகாதார நிறுவனத்துல இருந்து நம்ம ஊர் அங்கன்வாடி சுவர் போஸ்டர் வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: பேதி ஆகும்போது தாய்ப்பாலை நிறுத்தாதே, இன்னும் அடிக்கடி குடு. இழந்த தண்ணி, சத்து, நோய் எதிர்ப்புச் சக்தி மூணும் அதுலதான் இருக்கு. போதாக்குறைக்கு இந்தியாவுல 1992லயே சட்டம் போட்டாச்சு, பால் பவுடருக்கு விளம்பரம் பண்ணக்கூடாது, டாக்டர், ஆஸ்பத்திரி மூலமா தூக்கிவிடக்கூடாதுன்னு. 30 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த டப்பா மேஜை மேல அழகா உட்கார்ந்திருக்கு.

அதுவும் எங்க ஊர்ல பவுடரை எந்தத் தண்ணியில கலக்கிறது? சொல்லுங்க பார்ப்போம். வாணியம்பாடியில இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பாலாத்துக் கரையில தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடித் தண்ணியை என்ன பண்ணிச்சுன்னு 1996லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல எழுதியாச்சு. 2025 ஜனவரியில மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தாச்சு, நஷ்ட ஈடு குடு, ஆத்தைச் சுத்தம் பண்ணுன்னு. எங்க தெரு போர் தண்ணியை வாயில வெச்சா உப்புக் கரிக்கும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணி வத்த வத்த உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். கேன் தண்ணி வாங்குறோம், அந்தக் கேனை எங்கே எப்படிக் கழுவுறான்னு கடவுளுக்கே வெளிச்சம். இந்த ஊர்ல ஒரு நாலு மாசக் குழந்தைக்குச் சுத்தமா, இலவசமா, சரியான உப்போட கிடைக்கிற ஒரே பானம் அக்காகிட்ட இருக்கு. அதை நிறுத்தச் சொல்றாங்க!

அட்டைப்பெட்டி ஜூஸ் கதையும் இதே மாதிரிதான். உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்யறதே ஒரு சின்னக் கணக்குலதான். சோடியமும் குளுக்கோஸும் சரியான அளவுல ஜோடியா வந்தா குடல் சுவர் ரெண்டையும் உள்ள இழுக்கும், பின்னாடியே தண்ணியும் போகும். சர்க்கரை அளவுக்கு மீறினா கதை தலைகீழ், உடம்புல இருக்கிற தண்ணி குடலுக்கு வந்து பேதி அதிகமாகும். 1971ல வங்கதேச அகதிகள் பொங்காவ் முகாம்ல காலராவுல செத்துக்கிட்டிருந்தப்போ திலீப் மஹலனாபிஸ்ங்கிற டாக்டர் டிரிப்ஸ் தீர்ந்துபோய், டிரம்ல இந்தக் கரைசலைக் கலந்து வெச்சு, கூட இருந்தவங்களையே குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழ இறங்குச்சு. அவர் இறந்தது 2022ல, பத்ம விபூஷண் குடுத்தது 2023ல. உயிரோட இருக்கும்போது நம்மாளுங்களுக்கு ஞாபகம் வராது.

2002ல அந்தக் கணக்கையும் இன்னும் திருத்தி, லிட்டருக்கு 20 கிராம்ல இருந்த குளுக்கோஸை 13.5 கிராமா குறைச்சாங்க. ஆறரை கிராமுக்கு அவ்வளவு ஆராய்ச்சி! நம்ம கடையில அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை போட்ட ஜூஸை அதே பேர்ல வித்தாங்க. ஹைதராபாத்துல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தை டாக்டர் வருஷக்கணக்கா தனியா கத்தி, கோர்ட்டுக்குப் போய், கடைசியா 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரி பானங்கள் ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேரையே போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. எங்க பையனுக்கு ஆறு மாசம் லேட்டு.

சரி, எங்க வீட்டுல என்னதான் ஆச்சு? அக்காவே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு போன் போட்டா. அவங்க கேட்டது: கண்ணு குழிஞ்சிருக்கா? ஒண்ணுக்குப் போறானா? பால் இழுத்துக் குடிக்கிறானா, துவண்டு கிடக்கிறானா? மலத்துல ரத்தம் இருக்கா? வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே பழையபடி ஆகுதா? இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா, ரெண்டு மாசத்துக்குக் கீழே இருந்தா இந்தக் கேள்விகூட இல்லை, நேரா வந்துடணும்னாங்க. அவன் பால் குடிச்சான், ஒண்ணுக்குப் போனான். அப்போ பால் குடு, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணியில கரைச்சு ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறமும் ஸ்பூன் ஸ்பூனா குடு, நாளைக்குக் காலையில தூக்கிட்டு வா. அவ்வளவுதான். மறுநாள் போனோம், துத்தநாக மாத்திரை குடுத்தாங்க, 20 மில்லிகிராம் மாத்திரையில பாதி, பீய்ச்சின தாய்ப்பால்ல கரைச்சு 14 நாள். இலவசம்.

போனை வெக்கும்போது நர்சம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, புதுசா பெத்தவங்களுக்கு உபயோகப்படும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை மொத சில மாசம் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை மஞ்சளா இளகிப் போறது பேதியே இல்லையாம். குழந்தை நல்லா இருந்தா அது அதோட வழக்கம். வழக்கத்தை விடத் தண்ணியா, அடிக்கடி போனாத்தான் பேதி. முந்தின மாசம் எதிர்வீட்டு அத்தை இதுக்கே ஒரு ரவுண்டு பஞ்சாயத்து வெச்சாங்க!

"ஆயா காலத்துல இதெல்லாம் குடுத்துத்தானே எல்லாரும் வளர்ந்தோம்?"னு கேக்கிறவங்களுக்கு. எங்க ஆயாவுக்கு ஏழு குழந்தைங்க. நாலு பேர்தான் எங்களுக்கு மாமா, சித்தின்னு இருக்காங்க. மீதி மூணு பேருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். ரெண்டு பேரு "வவுத்தால போயி" போயிட்டாங்களாம். வசம்பு குடுத்தியா ஆயான்னு கேக்க வாய் வரலை.

அஞ்சாவது நாள் பையன் பழையபடி காலை உதைச்சு அக்காவோட தையல் மூட்டையைக் கலைச்சுட்டான். இப்போ நடக்கவே ஆரம்பிச்சாச்சு. கையில கட்டியிருந்த வசம்பு வளையலைக் காட்டி, "இதால்தான்டா பொழைச்சான்"னு ஆயா இன்னும் தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டிருக்கு.