900 ரூபாய் எண்ணெய்

ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டுத் தம்பி, ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? தெருமுனை டீக்கடைக்குக்கூட பைக்கில் போகிற ஆசாமி அவர். சொஸைட்டியில் கடன் போட்டு செகண்ட் ஹாண்டில் வாங்கிய 100 சி.சி. வண்டி.

“வண்டி எங்கே தம்பி?”

“சீஸ் ஆயிடுச்சு சார்.”

பாங்க்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பதறிவிட்டேன். அதில்லை. எஞ்சின் சீஸ்!

முதல் நாள் ஞாயிறு. தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குரூப் 4 பரீட்சைக்குப் போயிருக்கிறார். கிண்டி தாண்டியதும் ‘கர்ர்க்’ என்று ஒரு சத்தம். பின் சக்கரம், யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கல் மாதிரி இருக்கிறது. மணி எட்டரை. ஒன்பதுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். வருஷக்கணக்காகப் படித்த பெண், ரோட்டோரத்தில் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாளாம். ஆட்டோக்காரர் 300 கேட்டார். பேரம் பேச நேரம் ஏது? எட்டு ஐம்பத்தைந்துக்கு உள்ளே போய்விட்டாள்.

“எனக்கு இன்னும் கை நடுங்குது சார். இத்தனைக்கும் நான் ஊத்தினது 900 ரூபா ஆயில்! ஃபுல் சிந்தெடிக்!”

அன்று சாயங்காலம் மெக்கானிக் பாய் கடைக்கு நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். பாய் அடியில் போல்ட்டைக் கழற்றினார். ஒரு டீ கிளாஸ்கூட நிரம்பவில்லை. சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக ஏதோ விழுந்தது.

“ஆயில் நல்ல ஆயில்தான் தம்பி. உள்ளே இருந்தாத்தானே?” என்றார் பாய்.

விஷயம் இதுதான். வாங்கின இடத்தில் ‘இதைப் போட்டா பத்தாயிரம் கிலோமீட்டருக்குத் தொடவே வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் தொடவில்லை. எட்டாயிரம் ஓடியாகிவிட்டது. பழைய எஞ்சின், பிஸ்டன் ரிங் தேய்ந்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. 400 ரூபாய் எண்ணெய் போட்டிருந்தால் பயத்தில் அடிக்கடி பார்த்திருப்பார். 900 கொடுத்ததால் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். போரிங், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்ந்து 7,000 ரூபாய்க்கு மேல்.

அப்படியானால் காஸ்ட்லி எண்ணெய் வீணா என்று கேட்பீர்கள். நானும் பாயிடம் அதைத்தான் கேட்டேன். அவர், “சர்வீஸ் புக்ல என்ன போட்டிருக்கான்னு பாத்தீங்களா சார்?” என்று திருப்பிக் கேட்டார். நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறோம்? என் வீட்டில் அது டி.வி. ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் வெயிட் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, வின்டர்! முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், சூடான எஞ்சினில், அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மார்கழியில் 20 டிகிரி வந்தாலே மப்ளர் கட்டுகிற சென்னைவாசிக்கு முதல் எண்ணால் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று இரண்டு எழுத்துக்கள். பின்னால் வருகிற எழுத்து புதிய தரம். எஸ்.என். 2010-ல் வந்தது, எஸ்.பி. 2020-ல். மூன்றாவதாக ஜாஸோ எம்.ஏ. என்று பொடி எழுத்தில் இருக்கும். இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

சித்தப்பா காருக்கு வாங்கிய உயர்ந்த எண்ணெயில் அரை டின் மிச்சமிருந்தது. ‘காருக்கே நல்லதென்றால் பைக்குக்கு அமிர்தமல்லவா’ என்று ஊற்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்து கத்திபாரா மேம்பாலத்தில் ஏறுகிறேன். எஞ்சின் விமானம் மாதிரி அலறுகிறது. வண்டி மட்டும் மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது. பின்னால் மாநகரப் பேருந்து. ஹாரன் சத்தத்தில் என் பரம்பரையே விசாரிக்கப்பட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. கார் எண்ணெய்கள் பலவற்றில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வழுக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். எஞ்சின் வழுக்கலாம், கிளட்ச் வழுக்கலாமோ? ஜாஸோ எம்.ஏ. போட்டிருந்தால் அது கிளட்ச்சைப் பிடிக்கவிடும் எண்ணெய். எம்.பி. என்று போட்டது ஸ்கூட்டர்களுக்கு.

அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை 1996-ல் ஒரு காரியம் செய்தது. நியூயார்க்கில் 75 டாக்ஸிகளுக்கு எஞ்சினைப் புதுப்பித்து, வெவ்வேறு பிராண்ட் எண்ணெய் ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டார்கள். பிறகு பிரித்துப் போட்டுத் தேய்மானத்தை அளந்தார்கள். பிராண்டுக்கு பிராண்ட் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. தரம் அச்சிட்ட எதுவும் வேலை செய்தது. ஆனால் டாக்ஸி நாளெல்லாம் சூடாகவே ஓடுகிற பிராணி, ராத்திரி ஆறிப்போய்க் காலையில் திணறி எழுகிற நம் வண்டி மாதிரி இல்லை என்று அப்போதே சிலர் ஆட்சேபித்தார்கள். நியாயம்தான்.

அதே அமெரிக்காவில் மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-ல் லாபில் சோதித்தபோது, சிந்தெடிக் எண்ணெய் சாதா எண்ணெயை விட சராசரியாக 47 சதவிகிதம் மேல் என்று வந்தது. ஆக, சிந்தெடிக் உசத்திதான், பொய்யில்லை. டர்போ கார், 200 சி.சி.க்கு மேல் விரட்டி ஓட்டுகிற பைக், புத்தகத்திலேயே சிந்தெடிக் என்று எழுதியிருக்கிற வண்டி இவற்றுக்கு யோசிக்காமல் வாங்குங்கள். நானும் தம்பியும் ஓட்டுகிற வண்டிக்கு அந்த உசத்தி தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 12,000. மூவாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் நாலு தடவை. 400 ரூபாய் எண்ணெய்க்கு 1,600. 900 ரூபாய் எண்ணெய்க்கு 3,600. கிலோமீட்டருக்கு 17 பைசா வித்தியாசம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் போகிறது. 17 பைசாவில் குடி முழுகிவிடாது. ஆனால் அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க, விலை உயர்ந்த எண்ணெயை இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாம் என்று கிளம்புகிறோம் பாருங்கள், அங்கேதான் சனி உட்காருகிறது. 

இன்னொன்று, எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கரியை வழித்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதும் அதன் உத்தியோகம். கறுக்காத எண்ணெயைப் பார்த்தால்தான் எனக்கு சந்தேகம் வருகிறது.

நான் பயப்படுவது மலிவு பிராண்டுக்கு அல்ல, போலி பாட்டிலுக்கு. காலி பாட்டிலில் வடிகட்டின பழைய எண்ணெயை நிரப்பி விற்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் காஸ்ட்லி பிராண்டைத்தான் விரும்புவார்கள், லாபம் ஜாஸ்தியல்லவா! பாய், காலியான பாட்டிலை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு குத்து குத்திவிட்டுத்தான் குப்பையில் போடுகிறார். அந்த இரண்டு குத்துக்காகவே அவரிடம் வண்டியை விடலாம்.

தம்பி வண்டி நாலு நாளில் தயாரானது. பாய் ஊற்றியது புத்தகத்தில் சொன்ன தரத்தில், சாதா எண்ணெய். டிப்ஸ்டிக் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். சம தரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை நிறுத்தி சில நிமிஷம் பொறுத்து, குச்சியை எடுத்துத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இப்படித்தான். இரண்டு கோட்டுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை, செலவு கிடையாது.

இப்போது தம்பி சனிக்கிழமை தவறாமல் ஆபீஸ் பார்க்கிங்கில் குனிந்து குச்சியைப் பார்க்கிறார். துடைக்கத் துணி கிடைக்கவில்லையென்று போன வாரம் என் கர்ச்சீப்பை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.